நாய் குளிப்பாட்ட வளவில் ஓர் இடம்

எமது கிராமத்து வீடுகளில் கிணற்றடி என்பது வெறுமனே தண்ணீர் அள்ளும் இடமல்ல. அங்கேதான் அரிசி களைகின்றோம், மீன் கழுவுகின்றோம், உடுப்புத் தோய்க்கின்றோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை கால் முகம் கழுவுவதும் அங்கேதான். விருந்தாளி வந்தால் செம்பும் சவர்க்காரமும் கொடுத்து நாம் கையைக் காட்டுவதும் அந்தத் திக்கைத்தான். அதே இடத்தில், சனிக்கிழமைப் பின்னேரங்களில், வீட்டு நாயும் குளிப்பாட்டப்படுகின்றது. தொட்டிக்கு அருகே நிற்கும் கமுகிலோ தென்னையிலோ அதைக் கட்டி, இரண்டு பிள்ளைகள் பிடிக்க, ஒருவர் வாளியால் ஊற்ற, நாய் உதறுகின்ற உதறலில் உண்ணியும் மயிரும் நுரையும் கிணற்றுக் கட்டு வரைக்கும் தெறிக்கின்றன. குளிப்பு முடிந்ததும் அந்தத் தண்ணீர் வெடித்துப்போன சீமெந்துத் தரையின் இடுக்குகளால் இறங்கிவிடுகின்றது. எங்கே இறங்குகின்றது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

மாதர் சங்கக் கூட்டமொன்றில் நாம் இதைப்பற்றிப் பேச்செடுத்தபோது ஒரு தாய் எழுந்து, "மனுசருக்கே ஒழுங்கா மறைச்சுக் குளிக்க ஒரு இடமில்லை, நாய்க்கு ஒண்டு கட்டச் சொல்லுறியளோ, பாதர்?" என்று கேட்டார். கூட்டம் முழுவதும் சிரித்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கின்றது. பெண்கள் மறைவாகக் குளிக்க இடமில்லாத வீட்டில் முதலில் கட்டப்பட வேண்டியது அந்த மறைப்புத்தான். அதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாய்க்கென்று ஓர் இடம் ஒதுக்கச் சொல்வது நாய்க்குச் சொகுசு தேடிக் கொடுப்பதற்காக மட்டுமல்ல. நாயைக் கிணற்றடியிலிருந்து அப்புறப்படுத்தினால் அந்தத் தாயின் கிணறும், அவருடைய பிள்ளைகளின் காலும் தப்பும். அதற்கு வேண்டிய செலவு ஒரு பை சீமெந்து. சில வீடுகளில் அதுவும் வேண்டாம்.

நாயின் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு நடந்தபோது எத்தனையோ வீட்டுப் படலைகளில் நாய்கள் காவல் நின்றன. திரும்பி வந்தவர்கள் அந்த நாய்களைப் பற்றி இன்றைக்கும் கதைக்கின்றார்கள். எலும்புக்கும் சோற்றுக் கஞ்சிக்கும் வளவைக் காக்கும் ஒரு பிராணிக்கு மாதத்தில் ஒரு தடவை பயமில்லாமல் குளிக்க இடம் கொடுப்பது பெரிய உபகாரமுமல்ல.

ஊற்றும் தண்ணீர் போகும் வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மழை நிலத்துக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தங்குவதையே நாம் ஆண்டு முழுவதும் இறைத்துக் குடிக்கின்றோம். அந்தப் பாறை இறுகிய கல்லன்று. தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய வெடிப்புகளும் பொந்துகளும் அதற்குள் ஓடுகின்றன. கீரிமலைக் கேணியில் ஊறி வரும் நன்னீரும், புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணற்றின் ஆழமும் இதற்குக் கண்கண்ட சாட்சிகள். மண்படை தடிப்பாக இருக்கும் இடத்தில் ஊற்றிய அழுக்கை மண்ணே வடித்துவிடும். மண்படை மெல்லியதாய், ஒரு முழம் தோண்டினால் கல்லில் இடிக்கும் வளவுகளில் அந்த வடிப்புக்கு இடமில்லை. 2014, 2015 காலப்பகுதியில் சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவெண்ணெய் காணப்பட்டபோது, நிலத்தில் விடுவது நிலத்தோடு நின்றுவிடாது என்பதை ஊர் முழுவதும் கண்டுகொண்டது. அது பெரிய விடயம், நாய் குளிப்பாட்டும் தண்ணீர் மிகச் சிறிய விடயந்தான். ஆனால் இரண்டும் இறங்கும் வழி ஒன்றே.

வன்னியில் நிலைமை வேறு. அங்குள்ள களிப்பாங்கான நிலம் மாரியில் தண்ணீரை உறிஞ்சாது. ஊற்றியது தேங்கி நிற்கும், அல்லது வழிந்து குளத்துக்குப் போகும். நாயைக் குளத்துக்கே கொண்டுபோய் இறக்கிவிடும் வழக்கமும் அங்கு உண்டு. மட்டக்களப்பின் கரையோர மணலில் தண்ணீர் சுலபமாக இறங்கும். ஆனால் மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவந்து கையெட்டும் தூரத்தில் நிற்கும். ஆகவே ஓர் ஊருக்குச் சொன்ன முறையை இன்னோர் ஊருக்கு அப்படியே சொல்ல முடியாது.

அந்தத் தண்ணீருக்குள் இருப்பது சவர்க்காரம் மாத்திரமல்ல. நாயின் பின்புற மயிரில் ஒட்டியிருக்கும் மலத்தோடு கொழுக்கிப் புழுவின் முட்டைகளும் வட்டப் புழுவின் முட்டைகளும் வரும். கொழுக்கிப் புழுவின் குடம்பிகள் ஈரமண்ணில் உயிரோடு கிடந்து, வெறுங்காலுடன் நடக்கும் பிள்ளையின் தோலுக்குள் புகுந்து, நெளிநெளியாகச் சிவந்த கோடுகளையும் தாங்கமுடியாத கடியையும் உண்டாக்கும். அடுத்தது எலிக்காய்ச்சல். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோய் பரவி உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறப்பதற்கில்லை. இதைப் பரப்புவதில் எலிக்கே முதலிடம். எனினும் நோய்க்கிருமி தொற்றிய நாயும் அதைச் சிறுநீரோடு கழிக்கும். ஈரத்திலும் தேங்கிய நீரிலும் அக்கிருமி நாட்கணக்கில் வாழும். வெயிலில் காய்ந்த தரையில் வாழாது. காலில் வெடிப்போ கீறலோ உள்ளவர் அந்தச் சேற்றில் நிற்பதுதான் ஆபத்து. நல்ல இடம் என்று நாம் சொல்வது, குளிப்பு முடிந்து ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும் இடத்தைத்தான்.

உண்ணியைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நாயில் ஒட்டியிருக்கும் கபில நிற உண்ணி தன் வாழ்நாள் முழுவதையும் நாயின் உடலில் கழிப்பதில்லை. இரத்தம் குடித்துப் பருத்ததும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கல்லிடுக்கிலும் ஒளித்துக்கொள்ளும். அங்கே தோல் கழற்றும். முற்றிய பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் வெளிவந்து மறுபடியும் நாயைத் தேடிப்போகும். வெடித்துச் சிதறிய கிணற்றடித் தரை உண்ணிக்குக் கட்டிக் கொடுத்த வீடு. அங்கே வைத்து நாயைக் கழுவினால், கழுவிய உண்ணியை அதன் வீட்டிலேயே கொண்டுபோய் விடுகின்றோம். தெள்ளும் இப்படித்தான், நாயின் மயிருக்குள் ஓடுவதைவிட முட்டையாகவும் புழுவாகவும் மணலிலும் சாக்கிலும் கிடப்பவையே அதிகம்.

இடம் பார்த்தல்

கிணற்றிலிருந்து ஆகக் குறைந்தது 50 அடியாவது தள்ளி, நிலம் சரியும் பக்கத்தில் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது, வேலிக்கு அங்கால் உள்ள கிணற்றையும் அளக்க வேண்டும். வேலிச் சண்டைக்கு எமது ஊர்களில் காரணங்கள் ஏற்கெனவே தாராளமாக உண்டு. நாய்த் தண்ணீரையும் சேர்க்க வேண்டியதில்லை. சிறிய வளவாயின் இயன்ற தூரம் தள்ளுங்கள், ஆனால் கிணற்றின் கட்டுத் தரையில் மட்டும் வேண்டாம்.

நிழல் வேண்டும், ஆனால் முழு நிழல் வேண்டாம். காலையில் நிழலும் மத்தியானத்தில் வெயிலும் விழும் இடம் உகந்தது. வேம்போ மாவோ மேற்குப் புறத்தில் நின்றால் பின்னேரம் குளிப்பாட்டுகிறவருக்கும் வெயில் படாது, மத்தியானம் தரையும் காயும். உச்சி வெயிலில் சீமெந்துத் தரை காய்ந்து கிடக்கும்போது அதில் நாயை நிறுத்துவது அதன் உள்ளங்காலைச் சுடுவதற்குச் சமம். உங்கள் புறங்கையை அந்தத் தரையில் வைத்துப் பாருங்கள், வைத்திருக்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. ஆட்டுக் கொட்டிலுக்கும் கோழிக் கூட்டுக்கும் பக்கத்தில் இடம் பார்க்க வேண்டாம். ஆடு மிரளும், உண்ணி பரவும், நாயும் கோழியைப் பார்த்தபடி துள்ளும். ஒரு பக்கம் சுவரோ வேலியோ இருந்தால் நல்லது. முதுகுக்குப் பின்னால் ஒன்று இருக்கின்றது என்ற நிலையில் நாய் அடங்கி நிற்கும். நாலு பக்கமும் திறந்திருந்தால் ஓடும் வழியைத்தான் அது தேடும்.

தரை

நாலு அடி அகலம், ஐந்தடி நீளம், மூன்று அங்குலத் தடிப்பு. ஊர்நாய்க்கும் அதைப் பிடிக்கும் ஒருவருக்கும் இது தாராளம். மண்ணை நாலைந்து அங்குலம் தோண்டி, உடைகல் பரவி, தண்ணீர் தெளித்து நன்றாக இடியுங்கள். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நாலு என்ற கணக்கில் கலந்தால் 50 கிலோ பை ஒன்றுடன் தரை முடிந்துவிடும். மூன்று பக்க வரம்புக்கும் பூச்சுக்கும் இன்னும் கொஞ்சம் சீமெந்து வேண்டும். வரம்பு மூன்று அங்குல உயரம் இருந்தால் போதும்.

சரிவுதான் முக்கியம். அடிக்குக் கால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. ஐந்தடிக்கு ஒன்றேகால் அங்குலம். கண்மதிப்பில் விடாமல் நூல் பிடித்து நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். எமது மேசன்மார் வீட்டு நிலத்தைக் கண்ணாடிபோல் இழைப்பதைப் பெருமையாகக் கருதுபவர்கள். இங்கே அந்தத் திறமையைக் காட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழுக்கும் தரையில் நாய் நகத்தால் பிறாண்டும், கால் பரக்கும், பயந்துவிடும். ஒரு தடவை வழுக்கி விழுந்த நாயை அடுத்த முறை அந்தப் பக்கமே கொண்டுவர முடியாது. சீமெந்து இறுகமுன் தும்புத்தடியால் குறுக்காக ஒருமுறை இழுத்துவிட்டால் வேண்டிய சொரசொரப்பு வந்துவிடும். பிறகு ஏழு நாட்களுக்கு நனைந்த சாக்குப் போட்டு ஈரமாக வைத்திருங்கள். இதைச் செய்யாத தரை முதல் கோடையிலேயே வெடிக்கும். வெடிப்பில் உண்ணி குடியேறும்.

சீமெந்துக்கு வழியில்லாதவர் தட்டையான கற்களை மணலில் பதித்து இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கலாம். அல்லது பழைய பனஞ்சலாகைகளை அரை அங்குல இடைவெளி விட்டு அடித்து ஒரு தட்டுச் செய்து, கீழே சல்லி பரவலாம். இந்தத் தட்டுக்கு ஒரு வசதி உண்டு: குளிப்பு முடிந்ததும் தூக்கி வெயிலில் சாத்திவிடலாம். முதுகு வலிக்காரர்களும் வயதானவர்களும் சிறிய நாய்களுக்கு ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திண்ணை கட்டிக்கொண்டால் குனிய வேண்டிவராது. பெரிய நாயைத் திண்ணையில் ஏற்ற நினைக்காதீர்கள். குதிக்கும்போது கால் முறியும், சில வேளை எமது கால்.

தரையின் தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு தேங்காய்ப் பொச்சையோ நுளம்பு வலைத் துண்டையோ வையுங்கள். மயிரும் உண்ணியும் அங்கே தங்கும். குளிப்பு முடிந்தவுடன் அதை எடுத்து எரித்துவிட வேண்டும். குப்பைக் கிடங்கில் எறிந்த உண்ணி ஊர்ந்து திரும்பி வரும். நாயிலிருந்து பிடுங்கும் உண்ணியை விரலுக்கிடையில் நசிக்கிறவர்கள் இருக்கின்றார்கள். அதன் வயிற்றிலுள்ளது கையில் படக்கூடாது. சவர்க்காரம் கரைத்த தண்ணீர்ச் சிரட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதற்குள் போட்டு, கடைசியில் அதையும் நெருப்பில் கவிழ்த்துவிடுங்கள்.

இனி வடியும் தண்ணீர். சுண்ணாம்புக் கல் நிலத்தில் குழி தோண்டி அதற்குள் விடுவதை நாம் விரும்பவில்லை. குழி ஆழமாக ஆழமாக அழுக்குத் தண்ணீர் கல்லுக்குக் கிட்டப் போகும். அழுக்கைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் நிறைய உண்டு. ஆகவே ஓரடி ஆழத்துக்கு மேற்படாத ஒரு வாய்க்காலை வெட்டி, காய்ந்த இலைகுழைகளால் நிரப்பி, இரண்டு மூன்று வாழைகளைச் சுற்றி விடுங்கள். ஒரு நாயின் குளிப்புத் தண்ணீர் 40, 50 லீற்றருக்கு மேல் வராது. வாழைகள் அதைப் பார்த்துக்கொள்ளும். செம்மண் ஆழமாக உள்ள வளவில் இரண்டடிக்கு இரண்டடி குழியில் உடைந்த செங்கல் நிரப்பி விடுவதில் குற்றமில்லை. வன்னிக் களியிலும் மட்டக்களப்பு மணலிலும், மாரியில் நீர் நிற்கும் வளவென்றால் நிலத்தை ஓரடி உயர்த்திப் பாத்தி போட்டு அதில் வாழை வைக்க வேண்டும். தரையையும் அந்த அளவு உயர்த்த வேண்டும். எங்கே வைத்தாலும் வல்லாரை, பொன்னாங்காணி, கீரைப் பாத்திகளுக்கு இந்தத் தண்ணீரைத் திருப்பவே கூடாது. பச்சையாகச் சம்பல் போடும் இலைகளில் நாய்ப் புழுவின் முட்டை ஏறுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கட்டும் விதமும் குளிப்பாட்டும் விதமும்

நாய்க்குக் குளிப்பில் வெறுப்பு இல்லை. நாம் பிடிக்கும் பிடியில்தான் வெறுப்பு. கழுத்தில் கயிறு போட்டு மரக்கிளையோடு உயரக் கட்டுவது வழக்கமாகக் காணும் காட்சி. நாய் வழுக்கினால் அதே கயிறு தூக்குக் கயிறாகிவிடும். சுவரிலோ ஒரு கட்டையிலோ நாயின் தோள் உயரத்துக்கு ஒரு கொளுக்கியைப் பதித்து, அகலமான துணிப் பட்டியால், ஒன்றரை அடிக்கு மேற்படாத நீளத்தில் கட்டுங்கள். இழுத்தவுடன் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். குளிப்பில்லாத நாட்களிலும் இடைக்கிடை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் ஒரு கருவாட்டுத் தலையைக் கொடுத்து விட்டால், குளிக்கும் நாளில் இரண்டு பேர் பிடிக்க வேண்டிவராது.

பத்து லீற்றர் வாளியில் மூன்று நாலு வாளித் தண்ணீர் ஓர் ஊர்நாய்க்குப் போதுமானது. குழாயால் விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெயிலில் கிடந்த றப்பர் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் கொதிக்கும். முதல் வரும் தண்ணீரை வாழைக்கு விட்டு, கையில் பிடித்துப் பார்த்த பின்னரே நாயின்மீது விடுங்கள். காலிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். தலையில் ஊற்ற வேண்டாம். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். காதுக்குள் தண்ணீர் போனால் சீழ் பிடிக்கும். தெள்ளு உள்ள நாயாயின் முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போடுங்கள். உடம்பு நனைந்ததும் தெள்ளுகள் தலைக்கு ஓடும். அந்த வளையம் அவற்றை மறிக்கும்.

குடாநாட்டுத் தண்ணீர் சுண்ணாம்பு கலந்த கடினநீர். இதில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று நாம் மேலும் மேலும் தேய்க்கின்றோம், அது வெள்ளைப் பீயாகத் திரண்டு நாயின் மயிரடியில் தங்குகின்றது. பிறகு நாய் சொறிகின்றது. சொறிவதைக் கண்டு மறுபடி குளிப்பாட்டுகின்றோம். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தின் காரம் நாயின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. மனிதத் தோலைவிட நாயின் தோல் மெல்லியது. நாய்க்கென விற்கும் ஷம்பூ வாங்க வசதியுள்ளவர் அதை வாங்கலாம். மற்றவர்கள் குழந்தைகளுக்குப் போடும் சவர்க்காரத்தில் சிறிது சீவி வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது நேரே தேய்ப்பதைவிட மேல். கூரைப் பீலியில் பிடித்த மழைத் தண்ணீர் இருந்தால் நுரையும் வரும், சுலபமாகவும் போகும். தீவுப்பகுதிகளிலும் மன்னார்க் கரையிலும் உவர்க் கிணறு உள்ளவர்கள் கடைசி வாளியையாவது நல்ல தண்ணீராக ஊற்றுங்கள். எந்த ஊரானாலும் சவர்க்காரம் ஒரு தரம், அலசுவது இரண்டு தரம். மாதம் ஒரு தடவை போதும். வாராவாரம் குளிப்பாட்டுவது தோலின் எண்ணெயைக் கழுவிவிடும்.

மருந்து என்று ஊற்றுபவை

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடித்த பூச்சி மருந்தின் மிச்சத்தைப் போத்தலின் அடியில் வைத்திருந்து, "உண்ணி உடனே கொட்டும்" என்று நாயின் வாளியில் கலப்பவர்கள் எமது தோட்டக் கிராமங்களில் இருக்கின்றார்கள். உண்ணி கொட்டத்தான் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட நஞ்சுகளிற் பல நரம்பைத் தாக்குபவை. நாய் தோலினூடாகவும் நக்கியும் அதை உள்ளெடுக்கும். வாயால் வீணி வடியும், உடம்பு நடுங்கும், கண்ணின் மணி சுருங்கும், சில மணித்தியாலங்களில் நாய் விழுந்துவிடும். தேய்த்தவரின் கைக்கும் அதே நஞ்சுதான். நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற சிறு பிள்ளைக்கும் அதுவே. பயிருக்கென்று எழுதியதைப் பயிருக்கு மட்டும் பாவியுங்கள். அப்படி ஒன்று ஏற்கெனவே ஊற்றப்பட்டு நாய் நடுங்கத் தொடங்கினால், கையில் பொலித்தீன் உறை போட்டுக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, போத்தலின் லேபலையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

மண்ணெண்ணெய் பூசுவதும் பழைய கைமருந்து. அது தோலைச் சுடும். நக்கிய நாயின் நெஞ்சுக்குள் போனால் சளிச்சுரமாக முடியும். நிலம் கழுவும் பினைல் வகைகளையும் வாளியில் விடாதீர்கள். வேப்பிலை அவித்த தண்ணீரைப் பற்றிப் பலரும் கேட்கின்றார்கள். ஆறவைத்து ஊற்றுங்கள், கெடுதியில்லை. ஆனால் மயிரடியில் பதிந்துவிட்ட உண்ணியை அது கழற்றும் என்று நம்பியிருந்துவிட வேண்டாம். உண்ணியால் நாய்களுக்கு வரும் காய்ச்சல்கள் இரத்தத்தைக் குடித்து, முரசு வெளிறி, மூக்கால் இரத்தம் வடியச் செய்பவை. அதற்குக் குளிப்பு மருந்தல்ல.

மிருக வைத்தியர் எழுதிக் கொடுக்கும் குளிப்பு மருந்துகளில் அளவு மீறக்கூடாது. மாட்டுக்கு வாங்கிய அமித்திராஸ் மருந்தைக் கண்ணளவாக நாய்க்குக் கலப்பது கூடாது. குட்டிக்கும் நோயாளி நாய்க்கும் வைத்தியரைக் கேட்காமல் எதுவுமே வேண்டாம். மருந்து ஷம்பூவாயின் பத்து நிமிடமாவது உடம்பில் நின்ற பிறகே கழுவ வேண்டும், அந்த நேரம் முழுவதும் நக்க விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடரியில் சொட்டுச் சொட்டாக விடும் மருந்து பாவிப்பவர்கள் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டாமல் இருக்க வேண்டும். பேர்மெத்திரின் உள்ள மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்ளும், பூனையைக் கொன்றுவிடும். ஈரம் காயும்வரை வீட்டுப் பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள். இதே மருந்து மீனுக்கும் பெரும் நஞ்சு. வன்னியில் குளத்தில் வைத்து மருந்து தேய்த்துக் கழுவுவதை நாம் வன்மையாகக் கண்டிப்பது இதனால்தான். அந்தக் குளத்து மீனை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதை அங்குள்ளவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இன்னுமொன்றையும் இங்கேயே சொல்லிவைக்கின்றோம். திடீரெனக் குணம் மாறிய நாயை, வீணி வடித்துக்கொண்டு விழுங்க முடியாமல் நிற்கும் நாயை, "சூடு பிடித்துவிட்டது" என்று குளிப்பாட்டவோ, தொண்டையில் முள் சிக்கியதென்று வாய்க்குள் கைவிடவோ வேண்டாம். அது விசர் நோயாக இருக்கலாம். கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் வீணி பட்டாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர் கண்டபின் அதற்கு வைத்தியமில்லை. நாய்க்கு வருடாவருடம் தடுப்பூசி போடும் இலவச முகாம் எப்போது வருமென்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் சொல்வார்.

குளித்த பிறகு

கட்டவிழ்த்த மறுகணமே நாய் நேரே சாம்பல் மேட்டில் போய்ப் புரளும். வீட்டுக்காரர் திட்டுவார்; நாய்க்கு அந்தச் சவர்க்கார வாசம் பிடிக்கவில்லை என்பதே விடயம். ஆகவே அவிழ்க்க அவசரப்பட வேண்டாம். உதறுவதற்கு இடம் கொடுத்து விலகி நின்று, பழைய சாரத்தால் துவட்டி, பக்கத்தில் வெயில் விழும் இடத்தில் ஒரு சாக்கை விரித்து அரை மணித்தியாலம் கட்டிவையுங்கள். இதற்குத்தான் குளிப்பைக் காலை ஒன்பது மணியளவில் வைத்துக்கொள்வது நல்லது என்கின்றோம். பொழுதுபட்ட பின் குளித்த நாய் இரவு முழுவதும் ஈரத்தோடு கிடக்கும். மயிர் அடர்ந்த நாய்க்குத் தோல் புண்ணாகும். அது வழக்கமாகப் படுக்கும் சாக்கையும் அன்றே கொதிநீரில் அவித்துக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் பழைய தெள்ளு புது நாயைப் பிடித்துக்கொள்ளும்.

மாரி தொடங்கியபின், தரை காயாத நாட்களில், குளிப்பாட்டாமல் உலர்ந்த சீப்பால் வாரிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழை விட்டதும் வாய்க்காலில் அடைந்த இலைகுழையை வாரி எடுத்து வாழையடியிலேயே தாழ்த்து மூடிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தரையில் மயிரளவு வெடிப்புக் கண்டால் ஒரு சிரட்டைச் சீமெந்தைக் குழைத்து அன்றைக்கே பூசுங்கள். பாசி பிடித்திருந்தால் தும்புத்தடியால் உரஞ்சி, நாயைக் கட்டுவதற்கு முன் நீங்களே ஒருமுறை அதில் ஏறி நின்று பாருங்கள்.